கயிறு மாறிய பிறகு

மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவின்போது நரியைப் பரியாக்கிய லீலையைக் கண்டு களிக்காதவர் சிலரே. வாதவூரர் அரிமர்த்தன பாண்டியனிடம் பொன் பெற்றுக் குதிரை வாங்கச் சென்றதும், அப்பொன் திருப்பெருந்துறைத் திருப்பணியில் செலவாகிவிட்டதும், சொக்கநாதரே குதிரைச் சேவகராகி மதுரைக்கு எழுந்தருளியதும் நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த கதை. ஆயினும் அதில் பலர் கவனியாது விடும் ஓர் இடம் உண்டு. குதிரைகளை ஒப்புவிக்கும்போது ‘கயிறு மாறுதல்’ நடைபெறுகிறது. விற்பவன் கையிலிருக்கும் கயிறு வாங்குபவன் கைக்கு மாறிவிட்டால், அதன்பின் நேர்வதற்கு விற்றவன் பொறுப்பாளி அல்லன். அன்றிரவே பரிகள் நரிகளாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிப்போயின. வணிகரிடம் வழக்காட வழியில்லாமையால் அரசனுடைய கோபம் வாதவூரர்மேல் பாய்ந்தது.

புராணத்தை விட்டுச் சரித்திரத்திற்கு வந்தால், பாண்டியருடைய லாயத்தில் குதிரைகள் மறைந்துபோன செய்தி அங்கும் இருக்கிறது. 1268-இல் பட்டமெய்திய மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. அந்த நூற்றாண்டின் இறுதியில் நம் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டு மன்னர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதி வைத்தார். பாரசீக வரலாற்றாசிரியரான வசாப் ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என்கிறார். இவ்வளவு பொன்னும் எங்கே போயிற்று?

வசாப் கூறும் விவரம் ஊன்றிப் படிக்கத்தக்கது. பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த தானியமும், நெய்யில் சமைத்த தீனியும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்களாம். கொழுக்க வேண்டுமென்று நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் லாயத்திலேயே கட்டிப்போட்டார்களாம். பிறகு ஒரு பயிற்சியும் இன்றி, வீரர்கள் பேய்போல் அவற்றின்மேல் ஏறி விரட்டினார்களாம். மிடுக்கான குதிரைகள் சில நாளில் மெலிந்து மந்தமாகிவிட்டன என்கிறார்.

அந்நியர் எழுதியதுதானே என்று இதைத் தள்ளிவிடவும் வேண்டாம். நமக்கு ஒன்றுமே தெரியாதிருந்தது என்று நாணித் தலை குனியவும் வேண்டாம். குதிரை வைத்தியரும் லாடம் கட்டுவோரும் இங்கே வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்றும் மார்க்கோ போலோ சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்! பொருளை விற்று அதை நடத்தும் வித்தையை விற்காதிருக்கும் தந்திரத்தைப் பிற்காலத்தில் வேறு வணிகரிடமும் நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அந்த நாற்பது நாள் நம்முடையது. இன்றைய கால்நடை மருத்துவம் அறிந்தவர்க்கு அதன் விளைவு எளிதில் விளங்கும். வேலையின்றி நின்று தானியம் மிகுதியாகத் தின்னும் குதிரைக்குக் குளம்பினுள் அழற்சி உண்டாகி நடை குன்றும். வயிற்று நோவு வரும். ஒரேயடியாக ஓட்டினால் தொடைத் தசைகள் மரம்போல் இறுகிவிடும். ஞாயிறு முழுவதும் லாயத்தில் நின்ற வண்டிக் குதிரைகளுக்கு மறுநாள் இது வந்தமையால், மேனாட்டு வண்டிக்காரர்கள் இதைத் ‘திங்கட்கிழமை நோய்’ என்றே அழைத்தார்கள். உடல் இப்படியானால் உள்ளம் எப்படியிருக்கும்? நாற்பது நாள் சுவரையே பார்த்து நின்ற இளங்குதிரைக்கு வெளியே ஒரு காகம் பறந்தாலும் பிரளயம்தான்.

அங்கே இல்லாதிருந்தது விலையுயர்ந்த பொருள் எதுவுமன்று. காலையில் ஒருவன் கயிற்றைக் கையில் பிடித்துக் குட்டியோடு நடந்து செல்லும் நடை ஒன்றுதான். குதிரையின் முதுகெலும்பு முழுதும் முதிர ஐந்து வயதுக்கு மேலாகும். அதற்கு முன் கனமான ஆளை ஏற்றாமல் உலகத்தை அதற்கு அறிமுகம் செய்து வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

குதிரை ஓடிப் பிழைக்கும் பிராணி. அதன் கண்கள் தலையின் இருபக்கத்திலும் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை அளவு சுற்றுப்புறம் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயுமே தெரியாது. ஆகையால் முன்னே நின்று இழுப்பவனும் பின்னே நின்று விரட்டுபவனும் அதன் பார்வைக்கு அகப்படாத பூதங்கள். ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க சேனாபதி ஸெனபோன் குதிரை நூல் எழுதியபோதே, பக்கத்தில் நடப்பவன்தான் குதிரையைக் காக்கவும் தன்னைக் காத்துக்கொள்ளவும் வல்லவன் என்று காரணத்தோடு விளக்கினார். அதன் இடத்தோளுக்கு நேராக, ஒரு முழம் இடைவெளி விட்டு நடப்பது வழக்கம். சில நாள் வலப்பக்கத்திலும் நடந்து பழக்கினால் நல்லது.

வாயில் இரும்புக் கடிவாளம் வேண்டியதில்லை. முகத்தைச் சுற்றி மாட்டும் தலைக்கயிறும், பத்துப் பன்னிரண்டு அடி நீளமுள்ள பருத்திப் பிடிகயிறும் போதும். வலக்கை தாடைக்கு ஒரு சாண் கீழே தளர்வாகப் பிடிக்க, மிச்சக் கயிற்றை இடக்கையில் மடிப்பு மடிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். கையில் வளையமாகச் சுற்றிக்கொள்ளவே கூடாது. குதிரை ஒருமுறை பாய்ந்தால் அந்த வளையம் இறுகி விரல் போய்விடும், அல்லது ஆளே தெருவில் இழுபடுவார். காலில் செருப்பல்லாமல் மூடிய பூட்ஸ் அவசியம்.

இனி, குட்டி மிரண்டால் என்ன செய்வது? திடீரென நின்று காதை விடைத்து எதையோ உற்றுப் பார்க்கும். அப்போது இழுக்கவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். பார்க்கட்டும். அது மூச்சை விட்டுத் தலையைத் தாழ்த்தியதும் கயிற்றில் மெல்லிய அழுத்தம் கொடுத்து, ஓரடி எடுத்து வைத்த அக்கணமே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். குதிரை கற்பது இழுப்பினால் அன்று, இழுப்பு நிற்பதனால். அடி வைத்த பிறகும் கயிறு இறுகியே இருந்தால் அது என்ன கற்கும்? (வகுப்பில் சரியாக விடை சொன்ன பிறகும் உபாத்தியாயர் முறைத்துக்கொண்டிருந்தால் பையன் என்ன கற்பானோ அதைத்தான்.) முன்னே பிய்த்துக்கொண்டு ஓடப் பார்த்தால், நேரே இழுத்துப் போராடாமல் நம்மைச் சுற்றி வட்டமாகத் திருப்பிவிடலாம். ஐந்நூறு சேர் எடையுள்ள பிராணியோடு பலப்பரீட்சை செய்து வென்றவர் இல்லை. வட்டத்தில் திரும்புகிற குதிரையோ வேகமெடுக்க முடியாது. முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து நின்றால் கயிற்றைத் தளர்த்திப் பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும். கீழே இழுத்தால் நிலைதவறி மல்லாந்து விழக்கூடும். புதுமண்டபத்துத் தூணில் எழுந்து நிற்கும் குதிரை அழகுதான். ஆனால் கல் குதிரை விழாது.

அச்சம் கயிற்றின் வழியே பாய்கிறதென்று பழைய குதிரைக்காரர்கள் சொல்வதுண்டு. 2009-இல் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஆட்களைக் குதிரையோடு ஒரே தூரத்தை நான்கு தடவை கடக்கச் செய்தார்கள். சிலர் கையில் பிடித்து நடந்தனர், சிலர் ஏறிச் சென்றனர். நான்காம் தடவைக்கு முன், “இம்முறை ஒரு குடை விரிக்கப்படும்” என்று ஆட்களிடம் மட்டும் சொன்னார்கள். குடை விரிக்கப்படவேயில்லை. ஆயினும் ஆளின் நாடி வேகமாயிற்று. கூடவே குதிரையின் நாடியும் வேகமாயிற்று! இதற்கு மாற்றும் உண்டு. பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரலால் வருடினால் குதிரையின் நாடி தணிகிறதென்று 1993-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் வருடிக்கொள்வதும் அவ்விடத்தில்தான். கழுத்தில் ஓங்கித் தட்டிக் கொடுப்பதைக் காட்டிலும் இது மேல்.

இத்தகைய பொறுமை நம் பக்கத்து மக்களுக்குப் புதிதன்று. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் அவனியாபுரத்திலும் வாடிவாசலில் புயலாகப் பாயும் காளையை, வீட்டுப் பெண்மணி ஒருத்தி ஒற்றைக் கயிற்றில் கண்மாய்க்கு ஓட்டிச் சென்று குளிப்பாட்டி வருகிறாள். கன்றாக இருந்த நாள்முதல் தினந்தோறும் கூட நடந்த பழக்கமே அவளுடைய பலம். அரண்மனை லாயத்திற்குக் கிடைக்காத வித்தை வயற்காட்டில் இருந்தது. ஒன்று மட்டும் கருத வேண்டும்: காளைக்கு மூக்கணாங்கயிறு உண்டு, மிரண்டால் அது பெரும்பாலும் எதிர்த்து நிற்கும், குதிரையோ ஓடும். ஆகவே காளைக்காரர் குதிரை பழக்கினால், கயிற்றைச் சற்றுத் தாராளமாக விடக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

மதுரை வெயிலில் நடைக்கு ஏற்றது விடியற்காலை. வைகை மணல் மெத்தென்று இருக்கிறதே என்று அதில் நெடுந்தூரம் நடத்தலாகாது. ஆழ்ந்த உலர்மணல் இளங்காலின் நரம்புகளை வருத்தும். தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள வீதியோ, நாகமலை அடிவாரத்து மண்பாதையோ மேல். முதலில் கால் மணி நேரம் போதும். வெளியே கிளம்புமுன் வேலியிட்ட இடத்தில் அவிழ்த்துவிட்டுத் துள்ளவிட்டால் பாதி மிரட்சி அங்கேயே தீர்ந்துவிடும். சாதுவான பழைய குதிரை ஒன்று துணைக்கு வந்தால் குட்டி அதனைப் பார்த்தே கற்றுக்கொள்ளும். அன்றன்றைய உழைப்புக்கு மேல் கொள்ளு வைக்கக் கூடாது. நம் தெற்கத்தியார் அதைக் காணம் என்பார்கள். எப்பெயரால் அழைத்தாலும் மிதமிஞ்சினால் சூடுதான்.

குதிரை வளர்க்காத நேயர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சாலையில் ஒருவர் குதிரையைக் கையில் பிடித்து வருவதைக் கண்டால் மோட்டார் வண்டியின் ஹாரனை அடிக்காமல் வேகத்தைக் குறையுங்கள். பின்புறமாக நெருங்காமல் அகலமாக விலகிச் செல்லுங்கள். குழந்தை ஓடிப்போய்த் தொட விரும்பினால், முதலில் குதிரைக்காரரைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி திருவிழாவை ஒட்டிக் குதிரைச் சந்தை கூடுகிறது. கத்தியவாரும் மார்வாரும் நாட்டு மட்டமும் அங்கே வரும். வாங்குவோர் பல்லைப் பார்க்கிறார்கள், சுழியைப் பார்க்கிறார்கள், விற்பவன் ஆட்டுகின்ற ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். சுழியைவிட முக்கியமானது ஒன்றைக் கேட்கலாம்: விலை பேசுமுன் பிடிகயிற்றைத் தம் கையில் வாங்கி, மேளச் சத்தத்தின் நடுவே அந்தக் கூட்டத்துக்குள் ஒரு நூறு அடி நடந்து பார்க்க விடுவாரா என்று விற்பவரைக் கேட்க வேண்டும். மறுத்தால் அடுத்த குதிரைக்குப் போகலாம். சந்தையில் குதிரைக்குப் பஞ்சமில்லை.