வெயிலில் காற்றுக்குப் பிசுக்கு ஏறும்

பல்லடத்தில் புது வீடு எழும்பும் எந்தத் தெருவிலும், வயரிங் பைப் பதிக்கச் சுவரில் காடி வெட்டும் நாளைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். ஜன்னல் வழியாக வெள்ளையாகத் தூசி வந்துகொண்டே இருக்கும். உள்ளே நாலு இஞ்ச் கட்டிங் மெஷினோடு நிற்பவர் மூக்கையும் வாயையும் ஒரு துண்டால் கட்டியிருப்பார். அந்த மெஷினின் பிளேடு நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. கணக்குப் போட்டால் அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. அரைபட்ட மணலும் சிமென்ட்டும் ஏறக்குறைய அந்த வேகத்தோடுதான் பிளேடை விட்டுக் கிளம்புகின்றன.

அதில் கண்ணுக்குத் தெரியும் தூசியைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். அது தரையில் விழுந்துவிடும், கூட்டி அள்ளிவிடலாம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணல் துகள்தான் ஆபத்து. காற்றே அசையாத அறையில்கூட அது ஆளுயரத்திலிருந்து தரைக்கு வர நாலைந்து மணி நேரம் ஆகும். வேலை முடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு அதே அறையில் துண்டை அவிழ்த்துவிட்டு உட்காருகிறவரின் மூச்சில் அது இருக்கும். நுரையீரலின் கடைசி நுண்ணறை வரை போய்த் தங்கி, சிலிக்கோசிஸ் என்ற நோயைத் தரும். தழும்பேறிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து கிடையாது. காரணம்பேட்டை, கோடங்கிபாளையம் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்த இந்த வட்டாரத்தில் கல்தூசி யாருக்கும் புதிதல்ல. ஆனால் நாலு சுவருக்குள் வெட்டும்போது அது கலைந்து போக வழியே இல்லை.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் டஸ்ட் கவர். பிளேடைச் சுற்றி ஒரு மூடி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் வேக்குவம் கிளீனர். அமெரிக்காவில் 2016-ல் வந்த தொழிலிடச் சிலிக்கா விதிமுறை இதற்கு ஓர் அளவும் சொல்கிறது. சக்கரத்தின் விட்டத்தில் ஒவ்வோர் இஞ்ச்சுக்கும் நிமிஷத்துக்கு 25 கன அடி காற்று இழுபட வேண்டும். நம் நாலு இஞ்ச் மெஷினுக்கு 100 கன அடி.

இங்கேதான் தட்பவெப்பம் நுழைகிறது. மார்கழி விடியலில் இழுக்கும் காற்றும் சித்திரை மதியத்தில் இழுக்கும் காற்றும் ஒன்றல்ல. கடல்மட்டத்தில் 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோ இருக்கும். 40 டிகிரியில் அது 1.13 கிலோ. ஆறு சதவீதம் லேசாகிவிடுகிறது. லேசான காற்றை வேக்குவத்துக்குள் அதே வேகத்தில் சுழலும் விசிறியால் முன்போல் அழுத்தி இழுக்க முடியாது, உறிஞ்சும் விசையும் அதே ஆறு சதவீதம் குறைகிறது.

லேசான காற்று என்றால் சுலபமாக ஓடும் என்றுதானே தோன்றும்? எண்ணெயைக் காய்ச்சினால் இளகி ஓடுகிறது. காற்று நேர்மாறு. சூடேறச் சூடேற அதற்குப் பிசுக்கு கூடுகிறது. 20-லிருந்து 40 டிகிரிக்குப் போனால் ஐந்து சதவீதம் கூடும். திரவத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பவை, வெப்பம் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. காற்றில் பிடியே இல்லை. அங்கே மூலக்கூறுகள் அடுத்தடுத்த அடுக்குகளுக்குள் பாய்ந்து, வேகமாகப் போகும் அடுக்கை மெதுவாக்கி, மெதுவாகப் போவதை இழுத்துவிடுகின்றன. சூடு ஏறினால் அந்தப் பாய்ச்சல் வேகமெடுக்கிறது, இழுபறியும் கூடுகிறது.

இதை 1860-களின் நடுவில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் லண்டனில் தன் வீட்டு மாடியறையிலேயே சோதித்தார். அடைத்த கலத்துக்குள் தொங்கவிட்ட கண்ணாடித் தட்டுகள் முன்னும் பின்னும் திரும்பி ஆட, காற்று அவற்றை எவ்வளவு சீக்கிரம் அடக்குகிறது என்று அளந்தார். அறையைச் சூடாக வைக்க வேண்டுமே! வெளியே நல்ல கோடை. உள்ளே அடுப்பில் தீ குறையாமல் பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி கேத்ரின். சூட்டில் காற்றின் பிசுக்கு ஏறுவது அந்த வேக்காட்டில்தான் அளந்து தெரிந்தது. கேத்ரினின் பங்கை இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இது நம் டஸ்ட் கவரை எங்கே தொடுகிறது? மூடியிலும் குழாயிலும் அவ்வளவாகத் தொடுவதில்லை. குழாயில் காற்று சுழித்துக்கொண்டு ஓடுகிறது. அங்கே தடையை முடிவு செய்வது காற்றின் கனம். விசிறியின் விசை ஆறு சதவீதம் குறைந்தால் குழாயின் தடையும் ஆறு சதவீதம் குறையும். இரண்டும் ஈடாகிவிடும். ஆனால் ஃபில்டரின் மேல் படிந்த தூசி அடையின் நுண்துளைகள் வழியே காற்று சுழிக்காமல் ஊர்ந்து போகிறது. அங்கே தடையைத் தீர்மானிப்பது பிசுக்குதான். விசை ஆறு குறைகிறது, தடை ஐந்து கூடுகிறது. அடைத்த ஃபில்டரோடு ஓடும் வேக்குவம் 40 டிகிரியில் தன் இழுப்பில் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. சுத்தமான ஃபில்டருக்கு வெயில் பெரிய பொருட்டல்ல, அழுக்கு ஃபில்டருக்கு இரட்டை அடி. சித்திரை மதியத்தில் ஃபில்டரை வழக்கத்தைவிட அடிக்கடி உதற வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். இன்னொன்றும் உண்டு. பல வேக்குவம் கிளீனர்களில் மோட்டாரைக் குளிர்விப்பதும் அது இழுக்கும் காற்றுதான். இழுப்பு குறைந்தால் மோட்டாரும் சுடும்.

வெயில் வேறொரு வழியிலும் வேலையைக் கெடுக்கிறது. காலையில் 22 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருந்த காற்று, அதே நீராவியோடு மதியம் 38 டிகிரிக்கு ஏறினால் ஈரப்பதம் 32 சதவீதமாகிவிடும். காய்ந்த காற்றில் பிளாஸ்டிக் குழாய்க்குள் தூசி உரசி ஓடும்போது நிலைமின்சாரம் சேரும். நுண்தூசி குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிடித்திருப்பவர் கையில் சுரீரென்று அடிக்கும். தறிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. காற்று காய்ந்தால் நூல் மின்னேறிப் பிசிறடிக்கும், அறுபடும் என்பதால்தான் ஏர்ஜெட் தறிக்கூடங்களில் ஈரத்தை ஏற்றி வைக்கிறார்கள். கட்டிங் மெஷினுக்குக் கரி கலந்த, மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் குழாய் கிடைக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது, கல் வெட்டிய அதே கவரோடு இரும்பை வெட்டுவது. இரும்பிலிருந்து பறக்கும் பொறி, வெறும் சூடான தூள் அல்ல. அது காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்துகொண்டே போகும் இரும்பு. எஃகுப் பொறி உருகி உருண்ட குண்டுமணி என்பதை ராபர்ட் ஹூக் 1665-லேயே நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிட்டார். அதன் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். கவரின் பிளாஸ்டிக் நூறு, நூற்றைம்பது டிகிரியிலேயே இளகத் தொடங்கும். பாலியெஸ்டர் ஃபில்டர் 130 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் தாங்காது. 38 மில்லிமீட்டர் குழாயில் நிமிஷத்துக்கு 100 கன அடி இழுத்தால் காற்று நொடிக்கு 40 மீட்டருக்கு மேல் ஓடும். மூன்று மீட்டர் குழாயைப் பொறி நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கடந்துவிடும். ஆற நேரமில்லை, எரியக் காற்று மட்டும் தாராளம். தொட்டிக்குள் கல்தூசி மட்டும் இருந்தால் பொறி அணைந்துவிடும், ஃபில்டர்தான் ஓட்டையாகும். முந்தின நாள் அதே வேக்குவத்தால் தறிக்கூடத்துப் பஞ்சையோ மரத்தூளையோ இழுத்திருந்தால் அது உள்ளுக்குள் கனன்று, ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு பற்றிக்கொள்ளலாம். இரும்பு வெட்டும்போது பிளாஸ்டிக் கவரையும் குழாயையும் கழற்றி வைத்துவிடுங்கள். சக்கரத்தின் இரும்பு கார்டு மட்டும் இருக்கட்டும். சுற்றியுள்ள பஞ்சை முதலில் கூட்டி அப்புறப்படுத்துங்கள்.

ஐப்பசி மழைக்குக் காற்று குளிர்ந்து, பிசுக்கும் குறைந்து, இழுப்பு நன்றாகத்தான் இருக்கும். அப்போது எதிரி ஈரம். சுவரிலிருந்து வெட்டி எடுத்த தூசியில் தண்ணீர் படாத சிமென்ட் கொஞ்சம் எஞ்சியிருக்கும். அன்றைக்கே உதறாமல் ஃபில்டரை ஷெட்டில் போட்டுவிட்டால், அது ஈரத்தை உறிஞ்சித் துளைகளுக்குள்ளேயே இறுகிவிடும். பிறகு உதறியும் பயனில்லை, புது ஃபில்டர்தான் போட வேண்டும்.