தன் கட்டிலைக் கொடுத்த அம்மையார்

தனிமையும் நோயும் ஒருங்கே வந்து சேருமாயின் செல்வரும் வறியவராவர். பேசுதற்கு ஆளின்றிக் கிடக்கும் முதியவர் ஒருவருக்கு நாம் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்குப் பிரான்ஸ் தேசத்துப் பணிப்பெண் ஒருவர் தம் வாழ்வினாலேயே விடை கூறிச் சென்றார். அவர் பெயர் ஜீன் ஜூகன்.

பிரான்சின் வடமேற்குக் கரையிலுள்ள கான்கால் என்னும் மீனவர் ஊரில் 1792ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். நான்கு வயது நிரம்புமுன்னரே தந்தையைக் கடல் கொண்டது. பதினாறாம் வயதில் பிரபு குடும்பம் ஒன்றின் அடுக்களையில் வேலைக்கு அமர்ந்தார். அவ்வீட்டுத் தலைவி நோயாளரையும் ஏழைகளையும் காணச் செல்லும்போது இவரையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு. துன்புறுவோர் மனம் நோகாது அவர் இல்லத்துள் நுழைவது எவ்வாறு என்பதை ஜீன் அங்கேயே கற்றார் எனலாம். பின்னர் சேன் செர்வான் என்னும் பட்டினத்து ஆஸ்பத்திரியில் ஆறு ஆண்டுகள் தாதியாகப் பணிபுரிந்தார்.

1839ஆம் ஆண்டுக் குளிர்காலம். அப்பட்டினத்தில் ஆன் ஷோவன் என்னும் விதவை, கண்ணொளி இழந்து, ஒரு பக்கம் வாதத்தால் முடங்கி, ஆதரிப்பாரின்றி வாடினார். நாற்பத்தேழு வயதான ஜீன், நாட்கூலி வேலை செய்து பிழைத்தவர்; அவருக்கு இருந்ததோ சிறு வாடகை வீடு. ஆயினும் அம்மூதாட்டியைத் தூக்கி வந்து தம் கட்டிலில் கிடத்தினார். தாம் பரணில் படுத்துக்கொண்டார். எஞ்சியதைக் கொடுப்பார் உலகிற் பலர். தமக்கு வேண்டியதையே கொடுத்தவர் இவர்.

அவர்களுக்குப் பதிலாக

ஒருவர் பின் ஒருவராக முதியோர் பலர் வந்தனர். அவர்களுட் சிலர் வீதிகளில் இரந்துண்டு வாழ்ந்தவர்கள். அவர்களை மீண்டும் அவ்விழிவுக்கு அனுப்ப ஜீனின் மனம் இசையவில்லை. கூடையை ஏந்தி, அவர்களுக்குப் பதிலாகத் தாமே வீடுவீடாகச் சென்றார். ஒருமுறை சினங்கொண்ட ஒருவர் அவர் கன்னத்தில் அறைந்தாராம். அந்த அறை தமக்குரியது என்றும், இனித் தம் ஏழைகளுக்குரியதைத் தரவேண்டும் என்றும் அவர் அமைதியாகக் கேட்டார் எனச் சொல்வர்.

1845இல் பிரெஞ்சுக் கழகம் அவருக்குப் பரிசளித்துப் பாராட்டியது. எனினும், அவர் தொடங்கிய சபையின் தலைமைப் பதவி அவரிடமிருந்து முன்னரே பறிக்கப்பட்டிருந்தது. இறுதி இருபத்தேழு ஆண்டுகளை அவர் ஓய்வில் மறைந்து கழித்தார். அவரே தம் சபையை நிறுவியவர் என்பதை அருகிலிருந்த இளங்கன்னியர் அறியார். அவர் முறையிடவில்லை. 1879இல் மறைந்த அவருக்கு 2009ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபை புனிதர் பட்டம் அளித்தது. ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ எனப்படும் அவர் சபையினர் 1888இலேயே கொழும்புக்கும் வந்து முதியோரைப் பேணலாயினர்.

நம் வீட்டிலும் அயலிலும்

நோயுற்றோரைக் காணச் சென்றவர் தம்மையே காண வந்தவராவர் என்பது கிறிஸ்து பெருமானின் போதனை. நோயைக் குணப்படுத்தினீர்களா என்று அவர் கேட்கவில்லை என்பதை உற்று நோக்குக. குணப்படுத்துதல் டாக்டருக்கே இயலும். சென்று காணுதலோ பள்ளி மாணவனுக்கும் இயலும். எச்சமயத்தாராயினும் நாம் கைக்கொள்ளத்தக்க நெறி இது.

இன்று நம் ஊர்களிற் பெரிய வீடுகள் பலவற்றில் ஓர் ஆச்சியோ அப்புவோ தனித்திருக்கின்றனர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். தொலைபேசியில் அவர்தம் குரல் வருகிறது. காய்ச்சல் கண்ட நாளிற் கஞ்சி காய்ச்சக் கை வருவதில்லை. அக்கையாக அமைய வேண்டியவர் அயலவரே.

ஜீன் அம்மையார் பிறருக்காகக் கூடை ஏந்தினார். நாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் மாதாந்தக் கிளினிக் நாளன்று, விடியற்காலையிலே சென்று முதியவருக்காக வரிசையில் இடம் பிடித்து நிற்கலாம். பார்வை மங்கியவருக்கு மாணவர்கள் பத்திரிகை வாசித்துக் காட்டலாம். படுக்கையிலுள்ள தாயை இரவுபகலாகப் பராமரிக்கும் மகளை, கோயிலுக்கோ கடைக்கோ அனுப்பிவிட்டு, ஒரு மணிநேரம் அவ்விடத்தில் நாம் இருக்கலாம். நோயாளியின் முன்னே பிறர் நோய்க்கதைகளை அளப்பதும், உண்ட மருந்தைக் குறைகூறுவதும் வேண்டா. சிறிது நேரம் இருந்து, அவர் பேசுவதைக் கேட்டு, களைப்புறுமுன் எழுதலே நன்று.

எல்லாவற்றினும் மேலாக, மறுபடி போக வேண்டும். நல்ல சமாரியன் கதையில், காயமுற்றவனைச் சத்திரத்திற் சேர்த்த அவன், பணம் கொடுத்ததோடு அமையாது, திரும்பி வருவதாகவும் வாக்களித்தான். புதன்கிழமை வருவேன் என்று நாம் சொல்லிவிட்டால், செவ்வாய்க்கிழமை இரவே அம்முதியவருக்கு ஓர் எதிர்பார்ப்பு உண்டாகிவிடும். அதனைப் பொய்யாக்குதல் கொடிது.

தம் கட்டிலையே கொடுக்கும் துணிவு எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. அடுத்த வீட்டுப் படலையைத் திறந்து, “ஆச்சி, சுகமா இருக்கிறியளோ?” என்று கேட்பதற்குத் துணிவும் வேண்டா, பொருளும் வேண்டா. இந்த ஞாயிறு மாலையே அதனைச் செய்வோமாக.