வடிவமைப்பு மென்பொருள்: கல்வி உரிமமா, மேம்படுத்தலா?

தச்சனுக்கு உளியும் கொல்லனுக்கு உலையும் எவ்வாறோ, அவ்வாறே இக்காலத்துப் படவரைஞருக்கும் அச்சுக்கலைஞருக்கும் வடிவமைப்பு மென்பொருள் இன்றியமையாக் கருவியாயிற்று. ஆயினும் உளிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடுண்டு. உளியை விலைகொடுத்து வாங்கியவன் அதற்கு உடையவனாகின்றான். மென்பொருளுக்குப் பணங்கொடுத்தவன் பெறுவதோ அதனைப் பயன்படுத்தும் உரிமை மாத்திரமே. அவ்வுரிமையின் எல்லையை வரையறுப்பதே உரிமம். கல்லூரியை விட்டுத் தொழிலுட் புகும் மாணவரும், அவர்க்கு வழிகாட்டும் ஆசிரியரும், கல்லூரிக்குக் கருவி வாங்கிக்கொடுக்க விழையும் பழைய மாணவரும் இவ்விடயத்தில் மயங்குதல் இயல்பு. ஆதலின் இதனைச் சிறிது விளக்குவாம்.

முன்னாளில் வணிக உரிமம் பெரும்பாலும் நிரந்தரமானது. ஒருமுறை வாங்கிய பதிப்பை வேண்டுங்காலம்வரை பயன்படுத்தலாம். புதிய பதிப்பு வெளிவருங்கால், பழையதை உடையவர் முழுவிலை கொடாது குறைந்த விலைக்கு அதனைப் பெறுவர். இதுவே மேம்படுத்தல். கல்வி உரிமம் என்பது மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் இலவசமாகவோ சலுகை விலைக்கோ அளிக்கப்படுவது.

இம்முறை கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் மாறிற்று. அடோபி கம்பனி 2012இல் வெளியிட்ட கிரியேட்டிவ் சூட் 6 என்பதே தன் நிரந்தர உரிமத் தொகுதிகளுள் இறுதியானது என 2013இல் அறிவித்தது. ஓட்டோகாட் மென்பொருளை ஆக்கும் ஓட்டோடெஸ்க் கம்பனியும் அதற்கு நிரந்தர உரிமம் விற்பதை 2016இல் நிறுத்திற்று. இவ்விரண்டிடத்தும் மேம்படுத்தல் என்பது பழைய பொருளை இழந்துவிட்டது. சந்தா செலுத்துங்காலமெல்லாம் புதிய பதிப்புகள் கிடைக்கும். சந்தா நின்றால் கருவியும் நிற்கும். பழைய நிரந்தர உரிமத்தைப் பேணி வைத்திருப்போரும் முற்றிலும் அச்சமற்றவரல்லர். 2019இல் அப்பிள் கணினிகளுக்கு வந்த கற்றலினா என்னும் இயங்குதளம் 32 பிட் செயலிகளை ஏலாது விடுத்தமையால், அக்கணினிகளில் பழைய தொகுதிகள் பல பயன்படாதொழிந்தன.

இனி, கல்வி உரிமம் என்னும் ஒரே பெயர் எத்துணை வேறுபட்ட பொருள்களைத் தருகின்றதென்பதை நோக்குவாம். ஓட்டோடெஸ்க் அளிக்கும் கல்வி உரிமம் இலவசமானது. தகுதி சரிபார்க்கப்பட்டபின் ஓராண்டுக்கு வழங்கப்படும். கல்வி தொடருமாயின் ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். ஆயின் ஊதியம் பெறும் வேலைக்கு அதனைப் பயன்படுத்தல் ஆகாது. பழைய பதிப்புகள் பலவற்றில், இவ்வுரிமத்தில் வரைந்த படத்தை அச்சிடின், கல்விப் பதிப்பில் ஆக்கப்பட்டதென்னும் வாசகம் தாளின் நான்கு ஓரங்களிலும் பதியும். அப்படத்தின் ஒரு கூற்றை வேறொரு தொழின்முறைப் படத்தில் ஒட்டினாலும் அவ்வாசகம் அதனையும் தொற்றிக்கொள்ளும். வாசகம் பதியாத பதிப்பிலும் நிபந்தனை நிபந்தனையே.

அடோபி அளிப்பது சலுகைச் சந்தா. முதலாண்டுக் கட்டணத்தைக் கண்டு மகிழ்வோர், அதன்பின் கட்டணம் உயர்தலையும் கணக்கிற் கொள்ளல்வேண்டும். முப்பரிமாண வடிவமைப்புக்குரிய றைனோ மென்பொருளின் கல்வி உரிமமோ காலவரையற்றது. கற்கும்போது வாங்கியவர் கல்வி முடிந்தபின்னும் அதனைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாம். புதிய பதிப்புக்குச் சலுகை விலையில் மாறவும் செய்யலாம். இங்கே கல்வி உரிமமும் மேம்படுத்தலும் ஒன்றையொன்று விலக்கவில்லை. முன்னது பின்னதற்குப் படியாகின்றது.

ஆகவே பெயரைக் கண்டு துணியாது, நிபந்தனையைக் கண்டு துணிதலே அறிவுடைமை. அதற்கு மூன்று வினாக்கள் போதும். பயன்படுத்துவோர் யார்? எவ்வேலைக்கு? எத்துணைக் காலத்துக்கு? வகுப்புப் பயிற்சிக்கு ஓராண்டு இலவச உரிமம் சாலும். அம்மாணவனே அயலவர் வீட்டுக்குக் கூலி பெற்றுப் படம் வரைவானாயின் அது சாலாது. கல்வியின் இறுதியாண்டில் நிற்பவன், உரிமம் முடியுமுன்னரே தன் ஆக்கங்களைப் பிற செயலிகளும் திறக்கக்கூடிய வடிவங்களிற் சேமித்தல் வேண்டும். படங்களை டீஎக்ஸ்எஃப், பீடிஎஃப் வடிவங்களிலும், நூற்பக்கங்களை ஐடிஎம்எல், பீடிஎஃப் வடிவங்களிலும் வைத்துக்கொள்ளலாம். இதனைச் செய்யாது விடின், தான் வரைந்த படத்தைத் தானே திறக்கமாட்டாத நிலை நேரும். வேலை தேடிச் செல்லுங்கால் காட்டுதற்குரிய சான்று அப்படங்களேயன்றோ!

மேம்படுத்தலையும் புதியது என்னும் ஆசையால் அன்றித் தேவையால் அளத்தல் வேண்டும். தமிழ் அச்சுவேலையே இதற்குத் தக்க சான்று. பேஜ்மேக்கர் மென்பொருளின் இறுதிப் பதிப்பு 2001இல் வந்த ஏழாம் பதிப்பாகும். அதில் தமிழை அச்சுக்கோத்தோர் பாமினி போன்ற எழுத்துருக்களையே நம்பியிருந்தனர். அவ்வெழுத்துருக்களில், கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவது கணினிக்கு ஆங்கில எழுத்துக்களின் கோவையே. எழுத்துருவை நீக்கினால் தமிழும் நீங்கிவிடும். 2012இல் வந்த இன்டிசைன் சீஎஸ் 6 ஒருங்குறித் தமிழைச் செவ்வனே அமைக்கும் ஆற்றல் பெற்றிருந்தது. தமிழ் மலர் வெளியிடுவோர்க்கு அம்மாற்றம் பயனுடையது. ஆங்கிலத்தில் அழைப்பிதழ் மாத்திரம் ஆக்குவோர்க்கு அத்துணைப் பயனில்லை.

பொருள்வளம் குன்றியோர்க்கும் வழியுண்டு. பிளென்டர், இங்க்ஸ்கேப், ஸ்கிறைபஸ், பிறீகாட் முதலியன கட்டற்ற மென்பொருள்கள். இவற்றுள் மாணவர் உரிமம், வணிக உரிமம் என்னும் பிரிவே இல்லை. ஊதியம் பெறும் வேலைக்கும் பயன்படுத்தலாம். 2022இல் நம் நாட்டு ரூபா மதிப்பிழந்தபோது, டொலரிற் செலுத்தும் சந்தாக்கள் ரூபாக் கணக்கில் பெருஞ்சுமையாயின. அந்நிலையிலும் இவற்றைப் பயின்றோரின் கருவி கைவிட்டுப் போகவில்லை. உரிமமின்றிப் படிசெய்து பயன்படுத்தலோ 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு மாறானது, கற்றோர்க்கு அழகுமன்று.

கல்லூரிக்கு உதவ முன்வரும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். மாணவர்க்கு இலவசமாகவே கிடைக்கும் மென்பொருளை வணிக விலைக்கு வாங்கியளித்தல் வேண்டா. அப்பணத்தை நல்ல கணினிக்கும், அதனைக் கற்பிக்கும் ஆசிரியரின் பயிற்சிக்கும் ஈந்தால் பயன் பன்மடங்காகும். உரிமங்கள் காலாவதியாகும், பதிப்புகள் பழையனவாகும். கை பழகிய கலையோ அழியாது. அக்கலையைத் தன் மைந்தர்க்கு என்றும் ஊட்டி நம் கல்லூரி அன்னை நீடு வாழ்க.