ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணுதா? பதறாதீங்க!

ஃபிரிட்ஜைத் திறக்கிறீர்கள். பளிச்சென்று எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. ஜில்லென்று இருக்க வேண்டிய தண்ணீர் பாட்டில் வெதுவெதுவென்று இருக்கிறது. 'ரெண்டு நாளைக்குச் சேர்த்து மாவு அரைச்சு வெச்சேனே!' என்று அம்மா தலையில் கை வைக்கிறார். மெக்கானிக்குக்கு போன் போட்டால், 'நாளைக்குச் சாயந்தரம்தான் சார் வர முடியும்' என்கிறார். அதுவரை என்ன செய்வது?

உங்களால் நிறையவே உதவ முடியும். அதற்கு முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் மாயப் பெட்டி அல்ல. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளும் இயந்திரம், அவ்வளவுதான். அதன் பின்பக்கம் சூடாக இருப்பதைக் கவனித்திருப்பீர்களே! உள்ளே இருந்து வெளியேறிய வெப்பமும் அதில் சேர்ந்திருக்கிறது. ஒரு பொருள் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால், அது நின்றுபோகும்போது அந்த வேலையை வேறு வழியில் செய்துகொள்ளலாம்.

துப்பறிவோமா?

உண்மையிலேயே கெட்டுப்போனது ஃபிரிட்ஜ்தானா? வீட்டில் மற்ற விளக்குகள் எரிகின்றனவா என்று பாருங்கள். எரியாவிட்டால் கரன்ட் போயிருக்கிறது. எரிந்தால், சுவிட்ச் அணைந்திருக்கிறதா, ஸ்டெபிலைசரில் விளக்கு எரிகிறதா என்று கண்ணால் மட்டும் பாருங்கள்.

உள்ளே விளக்கு எரிகிறது, ஆனால் குளிரவில்லையா? குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகியை யாராவது திருப்பி வைத்திருக்கலாம். கதவின் ரப்பர் தளர்ந்திருக்கலாம். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னால் மெக்கானிக்கே உங்களைப் பாராட்டுவார்!

ஆனால் ஒன்று. பிளக்கைப் பிடுங்குவது, மூடியைக் கழற்றுவது எல்லாம் பெரியவர்கள் வேலை. ஃபிரிட்ஜைத் தொட்டால் 'சுரீர்' என்கிறதா? மறுபடி தொடாதீர்கள். உடனே பெரியவர்களிடம் சொல்லி, மெயினை அணைக்கச் சொல்லுங்கள். ஃபிரீசரில் உறைந்த ஐஸைக் கத்தியால் குத்தவும் கூடாது. உள்ளே வாயு ஓடும் குழாயில் ஓட்டை விழுந்துவிடும்.

கப்பலில் வந்த ஐஸ்!

அடுத்த வேலை ரொம்பச் சுலபம். கதவைத் திறக்காமல் இருப்பது! இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

1833-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து ஒரு கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அதில் இருந்த சரக்கு என்ன தெரியுமா? ஐஸ்! குளிர்காலத்தில் உறைந்துபோன ஏரிகளில் வெட்டி எடுத்த ஐஸ் கட்டிகள், 180 டன். நான்கு மாதம் கடலில் வெயிலில் வந்தும், சுமார் 100 டன் கரையாமல் கல்கத்தா வந்து சேர்ந்தது. அனுப்பியவர் ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி. ஐஸைச் சுற்றி வெப்பத்தைத் தடுக்கும் பொருள்களை அடைத்திருந்தார். வெளி வெப்பம் உள்ளே போகாமல் அவை தடுத்துவிட்டன. அப்படி வந்த ஐஸை மெட்ராசில் சேமித்து வைக்க 1842-இல் கட்டியதுதான் மெரினா கடற்கரை எதிரே உள்ள 'ஐஸ் ஹவுஸ்'. இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம்.

அன்று அந்தப் பொருள்கள் செய்த வேலையை இன்று உங்கள் ஃபிரிட்ஜின் சுவருக்குள் இருக்கும் நுரைப்பொருள் செய்கிறது. கதவைத் திறக்காமல் வைத்தால், நின்றுபோன ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிறையப் பொருள் இருக்கும் ஃபிரீசர் சுமார் 48 மணி நேரம் வரைகூடத் தாங்கும் என்பது உணவுப் பாதுகாப்பு நிபுணர்களின் கணக்கு. நம் ஊர் சித்திரை வெயிலில் இது குறையலாம். 'குளிர்ச்சி இருக்கிறதா?' என்று நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்தால் இருக்கிற குளிர்ச்சியும் போய்விடும்!

முதலில் மருந்து!

கதவை ஒருமுறை திறந்துதான் ஆக வேண்டும் என்றால், முதலில் எடுக்க வேண்டியது ஐஸ்கிரீம் அல்ல. தாத்தா, பாட்டியின் மருந்து! சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலினைப் பிரிக்காமல் வைத்திருந்தால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாமியின் ஃபிரிட்ஜில் இடம் கேட்கலாம். அங்கும் ஃபிரீசரில் வைக்கக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. மருந்து வெகுநேரம் சூட்டில் இருந்துவிட்டால், அதைப் போடலாமா என்று டாக்டரிடம் பெரியவர்கள் கேட்டுக்கொள்வது அவசியம். 'அம்மா, பாட்டி மருந்து!' என்று நீங்கள் நினைவுபடுத்தினாலே பெரிய உதவி.

ஒன்று... நாலாயிரம்!

இனி, சாப்பாடு. உணவைக் கெடுப்பவை பாக்டீரியாக்கள். 5 டிகிரிக்குக் கீழே இவை சோம்பேறிகள். சூடு ஏறினாலோ சுறுசுறுப்புத் திலகங்கள்! வசதியான சூழலில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டு மடங்காகும். ஒன்று, ஒரு மணி நேரத்தில் எட்டு. இரண்டு மணி நேரத்தில் 64. நான்கு மணி நேரத்தில் 4,096! கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதனால் பொருள்களை மூன்றாகப் பிரியுங்கள்.

* வெளியிலேயே இருக்கக்கூடியவை: ஊறுகாய், நெய், எலுமிச்சம்பழம், தக்காளி, கத்தரிக்காய். கொத்தமல்லி, கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.

* உடனே பயன்படுத்த வேண்டியவை: பாலைக் காய்ச்சி, மிச்சத்தை உறை ஊற்றிவிடலாம். மாவுப் பாத்திரத்தைத் தண்ணீர் நிரப்பிய அகலத் தட்டில் வைத்தால் சீக்கிரம் புளிக்காது. இன்று இட்லி, நாளை தோசை, புளித்துவிட்டால் இருக்கவே இருக்கிறது குழிப்பணியாரம்!

* தூக்கிப்போட வேண்டியவை: குளிர்ச்சி போய்ப் பல மணி நேரம் ஆன மீன், கறி, குழம்பு, பொரியல். 'நல்ல வாசனைதான் வருது, சுட வெச்சுச் சாப்பிடலாம்' என்று நினைக்காதீர்கள். சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நச்சு, கொதிக்க வைத்தாலும் போகாது. சந்தேகமா? குப்பைக்கூடைதான்.

பானைக்குள் பானை

மின்சாரம் கேட்காத ஒரு ஃபிரிட்ஜும் உண்டு! நைஜீரியாவில் மண்பானை செய்யும் குடும்பத்தில் பிறந்த ஆசிரியர் முகமது பா அப்பா. கரன்ட் இல்லாத கிராமங்களில் காய்கறிகள் அழுகி வீணாவதைப் பார்த்து, பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவில் ஈர மணலை நிரப்பினார். உள்ளே வைத்த கத்தரிக்காய் 3 நாளில் வாடுவதற்குப் பதில் 27 நாள் தாங்கியது! இதற்காக 2000-ஆம் ஆண்டு 'ரோலெக்ஸ்' விருது பெற்றார்.

நம் நாட்டில் குஜராத்தைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதியும் களிமண்ணாலேயே ஒரு ஃபிரிட்ஜ் செய்திருக்கிறார். அதன் பெயர் 'மிட்டிகூல்'.

ரகசியம் என்ன? ஈரம் ஆவியாகும்போது, பக்கத்தில் உள்ள வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. குளித்துவிட்டு ஃபேன் காற்றில் நின்றால் உடம்பு சிலிர்க்குமே, அதே விஷயம்தான்!

நீங்களும் செய்து பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு மண்பானைகள், மணல், தண்ணீர், ஒரு துணி போதும். பெரிய பானையின் அடியில் மணலைப் பரப்பி, சின்னப் பானையை உள்ளே வையுங்கள். சுற்றியுள்ள இடைவெளியில் மணலை நிரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். காய்களைச் சின்னப் பானைக்குள் போட்டு, மேலே ஈரத்துணியால் மூடுங்கள். காற்று வரும் நிழலான இடத்தில் வைத்து, தினம் இரண்டு வேளை மணலை நனையுங்கள். வேலூர், திருச்சி மாதிரி காற்று உலர்ந்திருக்கும் ஊர்களில் நன்றாகவே குளிரும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் கொஞ்சம் குறைவாகத்தான் குளிரும். இது காய்கறிக்குத்தான். பால், மீன், கறிக்குப் போதாது.

இப்போதே செய்து வையுங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது டெல்டா மாவட்டங்களில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. ஆகவே, ஃபிரிட்ஜ் நன்றாக ஓடும்போதே தயாராகிவிடுங்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி ஃபிரீசரில் உறைய வையுங்கள். கரன்ட் போனால் அதைக் கீழே உள்ள அறையின் மேல் தட்டுக்கு மாற்றலாம். குளிர்ந்த காற்று கனமானது. மேலிருந்து கீழே இறங்கும்.

மெக்கானிக்கின் போன் நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். அவர் வந்ததும், டாக்டரிடம் காய்ச்சலைப் பற்றிச் சொல்வோமே, அதுபோல எல்லாம் சொல்லுங்கள். எப்போது நின்றது, என்ன சத்தம் வந்தது, கருகிய வாடை அடித்ததா என்று தெரிந்தால் அவர் வேலை பாதி முடிந்த மாதிரி. அவர் ரிப்பேர் செய்யும்போது கொஞ்சம் தள்ளி நின்று, 'இது எதுக்கு அங்கிள்?' என்று கேளுங்கள்.

சரி, மிக்ஸி நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? அதன் அடியில் ஒரு சின்ன பட்டன் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அது எதற்கு என்று நீங்களே கண்டுபிடியுங்கள், பார்க்கலாம்!