சைனாடவுனில் ஒரு கோபுரம்: தமிழ் மாணவரின் வளாக வாழ்வும் பல்லினச் சூழலும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பல்லின மாணவர் குழு ஒன்றைச் சிங்கப்பூரின் சைனாடவுன் வட்டாரத்திற்கு நாம் அழைத்துச் சென்றிருந்தோம். சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் ஆறுநிலைக் கோபுரத்தைக் கண்ட சீன மாணவி ஒருவர், சீனர் பகுதியின் நடுவே தமிழர் கோயில் எவ்வாறு வந்தது என்று வினவினார். தமிழ் மாணவர் மன்றத்தில் பொறுப்பு வகித்த மாணவர் ஒருவரும் உடன் இருந்தார். கலைவிழாக்களைத் திறம்பட நடத்தியவர் அவர். எனினும், அவ்வினாவிற்கு அவரால் விடை கூற இயலவில்லை. அது அவருடைய குறை அன்று. அவருக்குக் கற்பித்த நம்முடைய குறையே ஆகும்.

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் மன்றப் பணிகளிலும் சமய வாழ்விலும் பல்லினச் சமூகத்திலும் எவ்வாறு ஈடுபடலாம் என்பதைச் சைனாடவுனின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சைனாடவுனில் தமிழர்

சிங்கப்பூரில் தமிழர் வட்டாரம் என்றதும் சிராங்கூன் சாலையும் தேக்காவுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், தமிழர்தம் தொடக்ககால நிறுவனங்கள் பலவும் சிங்கப்பூர் ஆற்றின் தென்புறத்தில், இன்று சைனாடவுன் எனப்படும் பகுதியிலும் அதனை ஒட்டிய தெலுக் ஆயரிலுமே அமைந்தன. 1819ஆம் ஆண்டு மே மாதத்தில் ராபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கற் சூளை அமைத்தும் துணி வணிகம் செய்தும் வாழ்ந்தவர். கோயில் எழுப்ப முதலில் தெலுக் ஆயரில் அவருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. வழிபாட்டிற்கு வேண்டிய நன்னீர் அங்குக் கிட்டாமையால் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. இறுதியில் சவுத் பிரிட்ஜ் சாலையில் கிடைத்த நிலத்தில், 1827இல் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன கோயில் எழுந்தது. இன்று நாம் காணும் கோபுரம் 1925இல் கட்டப்பட்டது. அக்கோபுரத்தையும் கோயிலையும் ஒட்டிய தெருக்கள் பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட் என்று பெயர் பெற்றன. ஆகவே, கோயில் சீனர் பகுதிக்குள் பின்னாளில் வந்து புகுந்ததன்று. அவ்வட்டாரத்தோடு உடன் வளர்ந்து, அதன் தெருக்களுக்கே பெயர் தந்தது.

அதே சாலையில், ஒரு தெருவின் இடைவெளியில், சூலியா முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமியா பள்ளிவாசல் உள்ளது. மாஸ்க் ஸ்திரீட் என்னும் பெயர் அதனால் அமைந்ததே. சூலியா என்போர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் ஆவர். தெலுக் ஆயரில் 1827இல் தோன்றிய அல் அப்ரார் பள்ளிவாசலைத் தமிழர் குச்சுப் பள்ளி என வழங்கினர். சிறு குடிசையாகத் தொடங்கியமையால் வந்த பெயர் அது.

அதே தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் 1828 முதல் 1830 வரை நாகூர் தர்கா கட்டப்பட்டது. அதற்குச் சற்றே அப்பால், ஹொக்கியன் சீனர்கள் 1839 முதல் 1842 வரை எழுப்பிய தியான் ஹொக் கெங் ஆலயம் உள்ளது. அக்காலத்தில் அத்தெரு கடற்கரையை ஒட்டி இருந்தது. நாகூர் ஆண்டவர் கடலோடிகளைக் காப்பவராகப் போற்றப்படுபவர். சீன ஆலயத்தின் தெய்வமான மாசோ கடலன்னை. அச்சந்தரும் கடற்பயணத்தை முடித்துக் கரையேறிய இரு வேறு மக்கள் ஒரே உணர்வோடு அருகருகே நன்றி செலுத்திய இடம் அது. பல்லினச் சமூகம் என்னும் தொடரை விளக்க இதனினும் பொருத்தமான சான்றை நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

உயர்கல்வியும் மக்கள் கொடையும்

சிங்கப்பூரின் உயர்கல்வியும் இவ்வட்டாரத்தின் அண்மையிலேயே தொடங்கியது. சைனாடவுனை அடுத்த ஊட்ரம் பகுதியில், இந்தியச் சிப்பாய்களின் பாசறையால் சிப்பாய் லைன்ஸ் எனப் பெயர் பெற்ற இடத்தில், 1905ஆம் ஆண்டு 23 மாணவர்களுடன் அரசு மருத்துவப் பள்ளி தொடங்கப்பெற்றது. டான் ஜியாக் கிம் தலைமையில் வணிகர்கள் திரட்டிய 87,000 வெள்ளிக்கும் மேற்பட்ட நன்கொடையே அதற்கு அடித்தளம். அப்பள்ளியிலிருந்து வளர்ந்த மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் உருவாயிற்று.

அப்பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அதன் முதன்மை மொழி வடமொழியா தமிழா என்னும் வாதம் எழுந்தது. தமிழ் முரசு நாளிதழை 1935இல் தொடங்கிய கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதாடியதோடு நில்லாமல், 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதித் திட்டத்தின் வழி மக்களிடம் பொருள் திரட்டினார். பல்கலைக்கழக வாயிலை மிதித்தறியாத தொழிலாளரும் அந்நிதிக்கு வழங்கினர். 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிய அத்துறை பின்னர்க் கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. 1961இல் அதன் தலைமையை ஏற்ற தனிநாயக அடிகள் ஒரு கத்தோலிக்கத் துறவி என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

சாரங்கபாணி 1952 முதல் முன்னெடுத்த தமிழர் திருநாளும் இதே நோக்கினது. இந்து, முஸ்லிம், கிறித்துவர் என்னும் வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கூடுவதற்குரிய விழாவாகப் பொங்கல் திருநாள் அமைந்தது. தமிழ் மன்றம் என்பது ஒரு சமயத்தாரின் கூடம் அன்று என்னும் தெளிவு நம் முன்னோரிடம் இருந்தது. சவுத் பிரிட்ஜ் சாலையில் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே நிற்பதும் அதனையே காட்டுகின்றது.

இன்றைய வளாகம்

இன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேரவையும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கிய மன்றமும் உள்ளன. மலேசியப் பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய அமைப்புகள் இயங்கி வருகின்றன. நாடகம், சொற்போர், பள்ளி மாணவருக்கான போட்டிகள், துணைப்பாட வகுப்புகள் எனப் பல பணிகளை மாணவர்களே திட்டமிட்டுச் செய்கின்றனர்.

இப்பணிகளின் இன்றியமையாமையை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உணர்த்துகின்றது. சிங்கப்பூர் இந்தியருள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர். 2010இல் அது ஏறத்தாழ 37 விழுக்காடாகவும், 2020இல் ஏறத்தாழ 29 விழுக்காடாகவும் குறைந்தது. தமிழரல்லாத இந்தியர் பலர் குடியேறியமை இதற்கு ஒரு காரணம். தமிழ்க் குடும்பங்கள் ஆங்கிலத்திற்கு மாறியமை மற்றொரு காரணம். வீட்டில் தமிழ் ஒலிக்காத மாணவருக்கு, ஆசிரியர் முன்னிலையிலன்றித் தம் வயதொத்தோருடன் தமிழில் பேச வாய்க்கும் களம் பெரும்பாலும் மாணவர் மன்றமே.

எனினும், மேடையில் மட்டும் தமிழும் மேடைக்குப் பின்னால் ஆங்கிலமும் வழங்கும் நிலையை நாம் பல மன்றங்களில் காண்கின்றோம். வரவேற்புரை செந்தமிழில் அமைகின்றது. வரவு செலவுக் கணக்கும் கூட்டக் குறிப்பும் கருத்து வேறுபாடும் ஆங்கிலத்தில் நிகழ்கின்றன. ஒரு மொழி மனப்பாடத்தால் வாழ்வதில்லை. விலை பேசவும், மறுத்துரைக்கவும், பிழை பொறுக்குமாறு கேட்கவும் பயன்படும்போதே அது வாழ்கின்றது. மாணவரை மேடைக்குத் தேர்ந்தெடுக்கும் அக்கறையை, அவர்கள் தமிழில் கூட்டம் நடத்தப் பழக்குவதிலும் ஆசிரியர் காட்டுதல் வேண்டும்.

சமய வாழ்வு

பல்கலைக்கழக வளாகத்தில் சமயம் மாணவரின் சொந்த விருப்பிற்கு உரியது. தொண்டு என்னும் நிலையில் அது பிறரோடு இணைக்கும் பாலமாகவும் அமைகின்றது. ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தீமிதித் திருவிழா நடைபெறுகின்றது. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் ஊர்வலமாகச் சைனாடவுனுக்கு நடந்து வருகின்றனர். கூட்டத்தை வழிநடத்துதல், நீர் வழங்குதல், முதியோரை அழைத்துச் செல்லுதல் எனப் பல தொண்டுகள் இத்தகைய விழாக்களில் இளையோருக்குக் காத்திருக்கின்றன. ஒரு மாணவர் தம் சீன, மலாய் நண்பரை அங்கு அழைத்து வருவாராயின், திரௌபதி யார், தீ ஏன் என்னும் வினாக்களுக்கு அவர் விடை கூறியாக வேண்டும். தாம் அறியாததைப் பிறருக்கு விளக்க இயலாது. ஆகவே, அவர் முதலில் தாமே கற்க நேரும். அவ்வாறே தமிழ் முஸ்லிம் மாணவர் நாகூர் தர்காவைப் பற்றியும், சீன மாணவர் மாசோவைப் பற்றியும் கூறக் கேட்பது நம் மாணவரின் கடமையுமாகும். பிறர் திருவிழாவில் உணவுண்டு திரும்புவதை மட்டும் நல்லிணக்கம் என்று நாம் மனநிறைவு கொள்ளலாகாது.

ஆசிரியர் செய்யத்தக்கன

இவற்றை நடைமுறைப்படுத்த மூன்று வழிகளை நாம் முன்வைக்கின்றோம்.

முதலாவது, சவுத் பிரிட்ஜ் சாலையையும் தெலுக் ஆயரையும் திறந்தவெளி வகுப்பறையாகக் கொள்ளலாம். கோயிலில் தொடங்கித் தியான் ஹொக் கெங் ஆலயம் வரை நிதானமாக நடந்து காண அரைநாள் போதும். ஒவ்வோரிடத்திலும் ஒரு மாணவர் தமிழில் விளக்க, மற்றொருவர் பிற இனத்தவருக்காக ஆங்கிலத்திலோ மலாயிலோ கூறலாம்.

இரண்டாவது, மன்றத்தின் கூட்டக் குறிப்புகளையும் ஆண்டறிக்கையையும் தமிழில் எழுதச் செய்து, அவற்றை நூலகத்தில் பாதுகாக்கலாம். முந்தைய தலைமுறை மாணவரின் பணிகள் பல எழுதிவைக்கப்படாமையால் மறைந்தன.

மூன்றாவது, தமிழ் மன்றத்தின் நிகழ்ச்சிகளுள் ஆண்டிற்கு ஒன்றேனும் தமிழறியாத மாணவரை விருந்தினராகவன்றிப் பங்காளராகக் கொண்டு அமைதல் நன்று.

நிறைவுரை

நாராயண பிள்ளையும் சூலியா வணிகரும் தம் மக்கள் மட்டுமே வாழும் இடத்தைத் தேடிச் சென்று தம் நிறுவனங்களை எழுப்பவில்லை. பலரும் வந்திறங்கிய துறைமுக நகரில் எழுப்பினர். பிற இனத்தவர் தம் தெருக்களுக்கு அவற்றின் பெயரையே வழங்கும் அளவிற்கு அவை நிலைபெற்றன. வளாகத்தில் தமிழ் மாணவருக்கு உள்ள நிலையும் அதுவே. அவர்கள் எண்ணிக்கையில் சிறியோர். எனினும், ஒதுங்கி வாழ வேண்டியவர் அல்லர்.

நாம் முற்கூறிய மாணவர் அடுத்த ஆண்டு அதே சாலைக்குப் புதிய மாணவர் குழுவைத் தாமே அழைத்துச் சென்றார். நன்னீர் தேடி இடம் மாறிய கோயிலின் கதையை அவர் தமிழில் கூறியதை நாம் பின்வரிசையில் நின்று கேட்டோம். சொற்கள் சில இடங்களில் தடுமாறின. ஆனால், அவை மனப்பாடம் செய்யப்பட்ட சொற்களாக இல்லை.