விளையாட்டே முதல் பாடம்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

"இன்று பள்ளியில் என்ன எழுதினாய்?" முதல் வகுப்புக் குழந்தை வீடு திரும்பியதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுவே. "ஒன்றும் எழுதவில்லை, தண்ணீரில் விளையாடினோம்" என்று விடை வந்தால் அம்மாவின் முகம் வாடிவிடும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது விளையாடவா என்ற கவலை இயல்பானதே. ஆயினும் அந்தத் தண்ணீர் விளையாட்டில் என்னதான் நடக்கிறது என்று சற்றே பார்ப்போம்.

ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர். அருகில் ஆணி, கூழாங்கல், வேப்பிலை, தீக்குச்சி, சிறிய எவர்சில்வர் கிண்ணம். எது மிதக்கும், எது மூழ்கும் என்று குழந்தைகள் முதலில் ஊகித்துச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். "கனமானதெல்லாம் மூழ்கும்" என்று ஒரு குழந்தை முடிவு கட்டும். ஆனால் சின்னஞ்சிறு ஆணி மூழ்க, அதைவிடக் கனமான கிண்ணம் மிதக்கிறதே! ஆசிரியை உடனே விடை சொல்வதில்லை. "கிண்ணத்தைச் சாய்த்தால் என்ன ஆகும்?" என்று மற்றொரு கேள்வி கேட்பார். சாய்த்ததும் நீர் புகுந்து கிண்ணம் மூழ்கும். குழந்தைகள் மீண்டும் யோசிப்பார்கள். மிதந்தவை எத்தனை, மூழ்கியவை எத்தனை என்று எண்ணுவார்கள். 'கல்', 'இலை' என்று பலகையில் எழுதிப் பார்ப்பார்கள். அறிவியல், கணக்கு, தமிழ் மூன்றும் ஒரே பாத்திரத்தில் அடங்கிவிட்டன அல்லவா? மேல் வகுப்பில் நாங்கள் படிக்கும் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்திற்கு இதுவே வாசற்படி.

தாம்பரத்துப் பிள்ளைகளுக்கு மின்சார ரயில் நன்கு பழக்கமானது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் வகுப்பறையே ரயிலாகிவிடும். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நிலையங்களை வரிசைப்படுத்தி, புளியங்கொட்டையைக் காசாகக் கொடுத்துச் சீட்டு வாங்கினால், கூட்டலும் கழித்தலும் தாமாகவே வந்துவிடும்.

இது நேற்று முளைத்த புதுமை அன்று. இத்தாலி நாட்டு மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார், 1907-ஆம் ஆண்டு ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே குழந்தைகள் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் படித்தார்கள். அவர் இதனை விளையாட்டு என்று கூறாமல், குழந்தையின் வேலை என்றே கூறினார். 1939-இல் பிரம்ம ஞான சபையின் அழைப்பை ஏற்று நம் அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப்போர் மூண்டதால் ஊர் திரும்ப இயலாமல், கொடைக்கானலிலும் சில காலம் தங்கிக் குழந்தைகளுடன் பணியாற்றினார்.

பின்னர் ஆந்திராவிலுள்ள ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பின்பற்றி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. 2007-08-இல் அது தமிழகம் முழுவதும் பரவிற்று. குழந்தைகளின் உயரத்திற்கேற்பச் சுவரின் அடிப்பகுதியில் கரும்பலகை அமைத்தனர்; ஆசிரியரும் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய, 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. ஆடல், பாடல், கதை, பொம்மலாட்டம் ஆகியவை அதிலே பாடமாயின.

விளையாட்டு என்றால் மனம்போன போக்கில் விட்டுவிடுவதா? இல்லை. நோக்கமின்றி விட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். எந்தப் பொருளை வைப்பது, எப்போது கேட்பது, எப்போது மௌனமாக இருப்பது என்பதை ஆசிரியை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பார்த்தெழுதச் சொல்வதைவிட இதற்கு உழைப்பு அதிகம். நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இன்னும் கடினம். எழுத்துப் பயிற்சியும் வாய்ப்பாடும் தேவையே. ஆனால் பொருள் புரிந்த பின் வரும் பயிற்சியே மனத்தில் நிற்கும்.

ஐந்து வயதுக் குழந்தை ஓயாமல் "ஏன்? ஏன்?" என்று கேட்கிறது. பத்தாம் வகுப்பிற்கு வரும்போது நம்மில் பலர் "இது பரீட்சைக்கு வருமா?" என்று மட்டுமே கேட்கிறோம். இடையில் தொலைந்துபோன அந்த 'ஏன்' விலைமதிப்பற்றது. ஆகவே பெற்றோரே, அக்காமாரே! உங்கள் வீட்டுக் குட்டிப்பிள்ளை கேள்வி கேட்டால் "சும்மா இரு" என்று அடக்காதீர்கள். "வா, செய்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். பெரிய படிப்பெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.