மஞ்சட்கருவும் கல்லீரல் பெறும் செய்தியும்

சேலத்திலிருந்து நாமக்கல் நோக்கிச் செல்லுங்கால் சாலையின் இருமருங்கும் கோழிப்பண்ணைக் கொட்டகைகள் நீண்டு கிடப்பதைக் காண்கிறோம். முட்டை ஏற்றிய லாரிகளும் நமக்குப் புதியன அல்ல. ஆயினும், மஞ்சட்கரு கோழியின் எவ்வுறுப்பில் ஆக்கப்படுகிறது என்று மாணவரை வினவினால், சினைப்பை என்றே பெரும்பாலோர் விடையிறுப்பர். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். உண்மையில் அதன் புரதமும் கொழுப்பும் பெரும்பாலும் உருவாகும் இடம் கல்லீரல். சினைப்பை அவற்றைப் பெற்றுச் சேர்த்துவைக்கும் களஞ்சியமே.

கல்லீரலுக்கு அப்பணியை ஏவுவது யார்? முட்டையிடும் பருவம் எய்திய கோழியின் சினைப்பை, ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைக் குருதியில் கலக்கிறது. கொழுப்பில் கரையும் தன்மையதாகலின் அது கல்லீரல் உயிரணுவின் சவ்வைக் கடந்து உள்ளே புகுந்து, தனக்கென அமைந்த ஏற்பியுடன் இணைகிறது. பூட்டுக்கேற்ற திறவுகோல் போன்றது இவ்விணைப்பு. அதன்பின் உட்கருவிலுள்ள சில மரபணுக்கள் செயற்படத் தொடங்க, வைட்டெல்லோஜெனின் முதலிய புரதங்கள் உருவாகிக் குருதிவழிச் சினைப்பையை அடைகின்றன. சேவலுக்கு இந்த ஹார்மோனைச் செலுத்தினால் அதன் கல்லீரலும் அப்புரதத்தை ஆக்கத் தொடங்கும் என்பது ஆய்வகங்களில் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. ஆக்கும் ஆற்றல் சேவலிடமும் உண்டு, ஏவல்தான் இல்லை.

எல்லாச் செய்தியும் இவ்வாறு உள்ளே நுழைவதில்லை. பசித்த வேளையில் கணையம் அனுப்பும் குளுக்ககான், வாயிற்காவலனிடம் ஓலையை நீட்டும் தூதனைப்போல் சவ்வின் புறத்தேயே நின்றுவிடும். உள்ளே சுழல் ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு தோன்றி அச்செய்தியை ஏந்திச் செல்ல, சேமிப்பிலுள்ள கிளைக்கோஜன் சர்க்கரையாக உடைகிறது. இவ்விரண்டாம் தூதனைக் கல்லீரலை ஆய்ந்தே கண்டறிந்த அமெரிக்க அறிஞர் ஏர்ல் சதர்லாந்து, 1971-இல் நோபல் பரிசு பெற்றார். மேலும், அண்டை உயிரணுக்களிடையே நுண்ணிய கால்வாய்கள் உள்ளன. அவற்றின் வழியே அயனிகளும் சிறு மூலக்கூறுகளும் கடப்பதால், ஓர் உயிரணு பெற்ற செய்தி அடுத்ததற்கும் பரவுகிறது.

அச்சம் மிகுந்தால் 'ஈரக்குலை நடுங்கிற்று' என்கிறோம். அச்சத்தில் சுரக்கும் அட்ரினலினை உணர்ந்து கல்லீரல் சர்க்கரையை விடுவிக்கிறது என்று அறிந்தபின் அத்தொடர் நமக்கு வேறொரு சுவை தருகிறது. நம் முன்னோர் இவ்வுயிரியலை அறிந்தே அதனை வழங்கினர் என்று கூற மட்டும் நாம் துணியோம்.

செய்தி தவறாது வந்தும் கல்லீரல் தளர்வதுண்டு. கூண்டில் அசைவின்றி இருந்து, மாவுச்சத்து மிகுந்த தீவனம் உண்ணும் கோழியின் ஈரலில், ஈஸ்ட்ரோஜனின் ஏவலால் கொழுப்பு ஓயாது உருவாகிறது. அதனை வெளியேற்ற இயலாதபோது ஈரல் பருத்து, மஞ்சள் நிறமுற்று, தொட்டால் நொறுங்கும் நிலையை அடைகிறது. வெயில் மிகுந்த நாளில் உள்ளே குருதி கசிந்து, நன்கு முட்டையிட்டு வந்த கோழியே திடீரென மடியும். கோலின், மெத்தியோனின் ஆகிய சத்துகளைத் தீவனத்தில் சேர்ப்பது, கொழுப்பு ஈரலில் தேங்காது வெளியேற உதவும் என்பதாலேயே.

மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் உண்டாகும் அஃப்ளாடாக்சின், இத்துன்பத்தை மிகுவிக்கும். 1960-இல் இங்கிலாந்தில் பல்லாயிரம் வான்கோழிகள் மடிந்தபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கை ஆய்ந்தே அறிஞர் இந்நஞ்சை இனங்கண்டனர். நஞ்சால் நலிந்த உயிரணுவுக்கு ஏவல் வந்தாலும் புரதம் ஆக்க வலுவில்லை, முட்டை குறைகிறது. நாமக்கல்லில் 1985-இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் தீவனத்தைக் கொடுத்து இந்நஞ்சு உளதா எனச் சோதித்தறியலாம். இறந்த கோழியை அறுத்துப் பார்க்கும் மருத்துவர் அதன் ஈரலின் நிறத்தை உற்று நோக்குவதும் இதனாலேயே.